பினாங்கில் நான் விலை வாங்க மறுத்த தோசை

பட்டர்வொர்த் படகுத்துறையில் நான் முதலில் நின்ற வரிசை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு உரியது. எனக்கு முன்னும் பின்னும் தலைக்கவசம் அணிந்தவர்கள். நடுவே வெள்ளை முழுக்கைச் சட்டையும் பெட்டியுமாக நான். எவரும் தடுக்கவில்லை. ஒரு மலாய் இளைஞர் மட்டும் திரும்பிப் பார்த்து, "அங்கிள், உங்கள் வண்டி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வண்டி இல்லை என்றேன். அவர் சற்றும் சிரிக்காமல், நடந்து வருவோர் ஏறும் வழியைக் கையால் காட்டினார். சிரிக்காதிருந்ததற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

கடலைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு காப்பியை ஆற்றிக் குடிப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது. அதற்குள் நான் ஏன் அந்தப் படகில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டை என் ஊர். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். காது கேளாத மழலையர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் சிறு மையம் ஒன்றை நடத்தும் அறக்கட்டளைக்குத் தலைவராக இருக்கிறேன். இளம் வயதிலேயே பயிற்சி கிடைத்துவிட்டால் இக்குழந்தைகளில் பலர் பேசக் கற்று மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய்விடுவார்கள். காலம் தவறினால் அது மிகக் கடினம். மையத்தின் செலவை ஏற்றிருந்த சென்னை நிறுவனம், இனி மரம் நடும் பணிக்கே நிதி ஒதுக்கப்போவதாக மரியாதையாகத் தெரிவித்துவிட்டது. மரத்தின் மீது கோபம் கொள்ளும் தொழிலும் என்னுடையதன்று. கோடை விடுமுறைக்குப் பின் எங்கள் இரு சிறப்பாசிரியைகளுக்குச் சம்பளம் தர வழியில்லை. அவர்கள் இல்லையென்றால் மையத்தைத் திறப்பதில் பொருளும் இல்லை. வேறு நிறுவனங்களுக்கு நானே விண்ணப்பங்கள் எழுதினேன். அனைத்துக்கும் வாழ்த்துகள் வந்தன. நிதி வரவில்லை.

அறங்காவலர் ஒருவர், என் பழைய மாணவரும் பேருந்து உரிமையாளருமான கதிரேசனைக் கேட்டால் என்ன என்றார். மாணவனிடம் கையேந்துவது ஆசிரியருக்கு அழகன்று என்று சொல்லி அப்பேச்சை அங்கேயே முடித்தேன். இன்னொருவர், பினாங்கில் இதே பணியைச் செய்யும் தமிழர் சங்கம் ஒன்று எந்தப் பெரிய கொடையாளரையும் நம்பாமல் பல ஆண்டுகளாக நடந்துவருவதாகச் சொன்னார். அது எனக்கு வியப்பாக இருந்தது. என் ஓய்வூதியத்தில் போய்ப் பார்த்துவருவதாகச் சொன்னேன். வெளிநாட்டுப் பணம் பெறும் அனுமதி எங்கள் அறக்கட்டளைக்கு இல்லை. ஆகவே நான் அறியப் போகிறேனே தவிர வாங்கப் போகவில்லை என்பதையும் எல்லாரிடமும் தெளிவாக்கிவிட்டே புறப்பட்டேன்.

அது ஒரு புதன்கிழமை. எதிர்க்கரையில் சங்கத்தின் தொண்டர் ரவிச்சந்திரன் காத்திருந்தார். பாயான் பாருவில் குடியிருப்பவர். பக்கத்திலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறார். அவருடைய மகள் அந்த மையத்தில் பேசக் கற்றவள்.

"ஐயா, பசியாறியாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்று இங்கே எல்லாரும் இயல்பாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் 'டிபன் ஆச்சா' என்று கேட்டே பழகிய என் காதுக்கு அச்சொல் விருந்தாக இருந்தது. பொழுது நண்பகலைத் தாண்டியிருந்ததால் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். தெருவெங்கும் ஒலிபெருக்கிப் பாட்டு, புடவைக் கடைகள், மசாலா வாசம். நம் ஊர்க் கடைத்தெரு என்றே கண் நம்பிவிடும். ஆனால் நடைபாதையில் எவரும் உங்களைக் கடைக்குள் இழுப்பதில்லை. கோழிப் பிரட்டல் சற்றே இனித்தது. ரசம் நம்முடையதைவிடக் காரம்.

எழுந்தபோது ரவி பணம் கொடுத்துவிட்டிருந்தார். நான் கடுமையாக மறுத்தேன்.

"விடுங்க லா ஐயா! இருபது வெள்ளிக்கு நடுரோட்டுல சண்டையா? பாக்கறவங்க நான் உங்கள அடிக்கிறேன்னு நெனைப்பாங்க" என்றார்.

'லா' இங்குள்ளோர் பேச்சில் ஒட்டிவரும் சொல்; ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் வெள்ளி என்கிறார்கள். அந்த வெள்ளியை அவர் பையில் திணிக்க முயன்று தோற்றேன். அன்று மாலைவரை அது என்னை உறுத்தியது.

வியாழனன்று மையத்துக்குச் சென்றேன். பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் பழைய வீடு ஒன்று. சங்கத்தின் செயலாளர் ஸ்டெல்லா அம்மையார் வாசலிலேயே நின்றார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தமிழ்க் கத்தோலிக்கர், அறுபதைக் கடந்தவர். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். எனக்கு மட்டும் அச்சொல் வரவில்லை. அம்மா என்றே அழைத்தேன்.

காலை வகுப்பு தொடங்கும் முறை என் கவனத்தைக் கவர்ந்தது. மருத்துவரின் குழாயைப் போன்ற ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு ஆசிரியை ஒவ்வொரு குழந்தையின் செவிக்கருவியையும் தாமே கேட்டுப் பார்க்கிறார். ஒரு சிறுமி அதற்கும் காத்திராமல் காதைத் தட்டி உதட்டைப் பிதுக்கினாள். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அலமாரியிலிருந்து உளுந்து அளவிலான புது பேட்டரியை எடுத்து ஆசிரியை பொருத்தியதும் அவள் தலையைச் சாய்த்து, யாரோ அழைத்தது போலச் சன்னல் பக்கம் திரும்பினாள். மரத்தில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன.

எங்கள் மையத்தில் அக்காட்சி எவ்வாறிருக்கும் என்பது எனக்குத் தெரியும். கருவிகளைத் தர ஆள் உண்டு. மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. பேட்டரிக்கு ஆள் கிடையாது. இரண்டு வாரம்கூடத் தாங்காத பொருளுக்கு எவர் விழா எடுப்பார்? குழந்தை வளர வளரக் காதில் பொருந்தும் அச்சையும் மாற்ற வேண்டும். அதற்கும் ஆள் இல்லை. மாதக் கடைசியில் பல குழந்தைகள் உயிரற்ற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஆசிரியையின் உதட்டையே பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள்.

"உங்க சென்டர்ல பேட்டரிக்கு என்னா பண்றீங்க ஐயா?" என்று ஸ்டெல்லா அம்மையார் கேட்டார்.

"ஏற்பாடுகள் உள்ளன" என்றேன்.

சுவர்களை நோக்கினேன். நம் ஊரில் குழல்விளக்கின் மீதே 'உபயம்' என்று பெயரெழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுவோம். இங்கே ஒரு பெயரும் இல்லை. சோகமான குழந்தை முகங்களும் இல்லை. பணம் கேட்பதற்குக் குழந்தைகளின் படத்தைப் பயன்படுத்துவதில்லை என்றார் அம்மையார். அதைக் கேட்டு மகிழ்ந்தேன். என் கொள்கையும் அதுவே. பின் எதைக் காட்டிக் கேட்கிறீர்கள் என்றேன்.

"எதையும் காட்டறதில்ல. சொல்றதுதான். போன வாரம் ஒரு மெக்கானிக் கிட்ட, மாசம் பத்து வெள்ளி கொடுத்தா ஒரு புள்ள ரெண்டு காதாலயும் கேக்கும்னு சொன்னேன். சரின்னுட்டாரு. இப்படி மாசாமாசம் கொடுக்குறவங்க நெறைய பேரு இருக்காங்க. பேங்க்ல அதுவா கழிஞ்சிரும். பெரிய ஆளு ஒருத்தர் போனா சென்டர் சாஞ்சிரும் ஐயா. பத்து வெள்ளிக்காரர் ஒருத்தர் போனா, இன்னொருத்தரத் தேடிக்கலாம்."

எங்கள் மையம் ஒரே தூணில் நின்றது என்பதை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மையாருக்கு ஒரு நேர்காணல். அவ்வூர்க் குடும்ப அறக்கட்டளை ஒன்று ஆண்டுதோறும் சில சங்கங்களுக்கு மானியம் வழங்குகிறது. பார்வையாளனாக என்னையும் அழைத்துச் சென்றார். குளிரூட்டிய அறை, நீண்ட மேசை, மூவர் குழு. தலைமையில் ஒரு சீன அம்மையார், ஏறத்தாழ என் வயது. பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

நல்விளைவுகளைப் பற்றி விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். தலைவியின் முதல் வினாவே, "சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்த பணத்தில் எது வீணாயிற்று?" என்பது.

எனக்கு வியர்த்தது. ஸ்டெல்லா அம்மையாரோ நிதானமாகச் சொன்னார்: "பெற்றோருக்கான மாலை வகுப்பு. ஆசிரியை வருவார், நாற்காலி போடுவோம், பெற்றோர் வரமாட்டார்கள். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையில் இரவுப் பணி. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதச் சம்பளம் வீண்தான்."

"பிறகு?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். மதியச் சாப்பாடும் போட்டோம். இப்போது பாட்டி தாத்தாக்களும் வருகிறார்கள்."

"வகுப்புக்காகவா, சாப்பாட்டுக்காகவா?"

"சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் வாசலைப் பூட்டிவிடுகிறோம்."

குழுவினர் வாய்விட்டுச் சிரித்தார்கள். தவறியதை இப்படி வெட்டவெளியில் வைப்பதா என்று நான் திகைத்திருந்தபோது தலைவி என் பக்கம் திரும்பினார். "பேராசிரியரே, உங்கள் மையம் எப்படி?"

என் மீது திடீரென்று விழுந்த வினா. ஆனால் அதற்கு என்னிடம் பண்பட்ட விடை இருந்தது. "எங்கள் மையம் சீராக நடந்துவருகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் கருவி வழங்கப்பட்டுள்ளது. தகுதிபெற்ற ஆசிரியைகள் உள்ளனர். குறையேதும் இல்லை" என்றேன். விண்ணப்பங்களில் எல்லாம் நான் எழுதிவந்த வாசகங்கள் அவை.

தலைவி தலையசைத்தார். "மிக்க மகிழ்ச்சி. அப்படியானால் ஸ்டெல்லாவுக்கு நீங்களே பணம் கொடுக்கலாமே! எங்களை ஏன் தொந்தரவு செய்கிறார்?"

மறுபடியும் சிரிப்பு. நானும் மரியாதைக்குப் புன்னகைத்தேன்.

திரும்பும் வழியில் ரவி வண்டியோட்ட, அம்மையார் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "ஐயா, நேத்து பேட்டரின்னு கேட்டப்ப உங்க மொகம் ஒரு மாதிரி ஆச்சு. இன்னிக்கு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றீங்க. எது நெசம்?"

"குடும்பத்துக் குறையைத் தெருவில் சொல்வது எங்கள் வழக்கமன்று, அம்மா."

"குடும்பம் உங்களுது. காது அந்தப் புள்ளைங்களோடது லா."

ரவி வானொலியை நிறுத்தினார்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. யாருக்கும் சுமையாக இருக்கக் கூடாதென்று பேருந்தில் ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் புறப்பட்டேன். அப்பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. கட்டணத்தைச் சரியாகப் பெட்டியில் போட வேண்டும். என் கையிலோ பெரிய நோட்டு. ஓட்டுநர் என்னையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னால் நின்ற மலாய்ப் பெண்மணி ஒருவர் கைநீட்டித் தம் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, "போங்கள், போங்கள், வெயில் அடிக்கிறது" என்றார். நன்றி சொல்லிப் பெயரைக் கேட்பதற்குள் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். திருப்பித் தர முடியாத ஒன்றை அயல்நாட்டில் பெற்றுக்கொண்டேன். விந்தை என்னவென்றால், புதனன்று ரவியிடம் உணர்ந்த உறுத்தல் இப்போது இல்லை.

அங்காடியில் சாதிக்காய்ச் சாறு அருந்தினேன். விதையையும் சாதிப்பத்திரியையும் நாம் அறிவோம். சதைப்பற்றை இத்தீவினர் சாறாகவும் ஊறுகாயாகவும் சீனிப் பாகிலிட்ட துண்டுகளாகவும் உண்கிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பறையில் சாதிக்காயின் கனியை வரைந்து காட்டியிருக்கிறேன். சதையின் சுவை இன்னதென்று அன்றுதான் அறிந்தேன். சற்றே துவர்ப்பு, முடிவில் நாக்கில் ஒரு குளிர்ச்சி. கடைக்காரப் பெண்ணிடம் தாவரப் பெயரைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாது. ஐஸ் போடவா?" என்றாள்.

ஞாயிறுதான் நான் காண விரும்பிய நாள்; அன்று சங்கத்தின் உணவுச் சந்தை. அறநிதிக்கான உணவுச் சந்தை என்று ஒரு வழக்கம் இவ்வூரில் உள்ளது. சீனப் பள்ளி, கோயில், தேவாலயம், முதியோர் இல்லம் என்று எல்லாரும் நடத்துகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே கூப்பன் கட்டுகளைத் தொண்டர்கள் விற்றுவிடுவார்கள். அன்று மைதானத்தில் காசு செல்லாது, கூப்பன்தான். கடைக்கான அரிசி எண்ணெய்ச் செலவை யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்வதால் கிழியும் ஒவ்வொரு கூப்பனும் முழுதாகச் சங்கத்துக்குச் சேரும். மழை பெய்தாலும் நட்டமில்லை. பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. நம் ஊரில் விழா முடிந்த பிறகு ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக அலைவோம். இவர்கள் முன்பே முடித்துவிட்டு விழாவைக் கொண்டாடுகிறார்கள். இந்த ஒன்றைக் கண்டதற்கே வந்தது தகும் என்று தோன்றியது.

காலை வெயில் ஏறுமுன்பே பள்ளி மைதானம் நிரம்பியது. ஒரு பக்கம் மீ கோரெங் என்னும் மலாய் நூடுல்ஸ், ஒரு பக்கம் சீனர்களின் மூலிகைத் தேநீர், நடுவே எங்கள் தோசைக் கடை. ரவி கல்லின் முன் நின்றார். ஸ்டெல்லா அம்மையார் என்னிடம் ஒரு மேலங்கியை நீட்டினார். அதன் மார்பில் சிரிக்கும் கத்தரிக்காய் ஒன்று வரையப்பட்டிருந்தது.

"இது அவசியமா?"

"எண்ணெ தெறிக்கும் ஐயா. உங்க வெள்ளச் சட்டைக்கு நான் பொறுப்பில்ல."

அணிந்துகொண்டேன். கூப்பனைப் பெற்றுத் தட்டைத் தருவது என் பணி.

"கூப்பிடுங்க ஐயா! சும்மா நின்னா யார் வருவா?" என்று ரவி முதுகுக்குப் பின்னாலிருந்து தூண்டினார். பக்கத்துக் கடையில் இளைஞர் ஒருவர் மீ கோரெங்கின் பெருமையைத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். நான், "தோசை இருக்கிறது" என்று தெளிவாக அறிவித்தேன்.

"ஐயா, செய்தி வாசிக்கிறீங்களா?" என்றார் ரவி.

ஆயினும் கூட்டம் வந்தது. சீனக் குடும்பங்கள் தோசையைச் சீனி தொட்டுத் தின்றன. அதை நான் தடுக்கவில்லை.

பத்து மணி இருக்கும். தடியூன்றிய தமிழ்ப் பெரியவர் ஒருவர் வந்தார். வெளுத்த மீசை, தோளில் துண்டு. மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்தவர். வேலாயுதம் என்று பெயர். என் ஊரைக் கேட்டார். பட்டுக்கோட்டை என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய தந்தை அந்தப் பக்கத்திலிருந்து வந்தவராம். இரண்டு மசால் தோசை கேட்டுக் கூப்பன்களை நீட்டினார்.

நான் தட்டை இரு கைகளாலும் கொடுத்து, கூப்பன்களை அவர் கையிலேயே மூடி வைத்தேன். "நம் ஊர்க்காரரிடம் தோசைக்கு விலை வாங்குவதா? சாப்பிடுங்கள்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது.

"ஏன், என் கூப்பன் செல்லாதா?"

"அப்படியில்லை. மரியாதைக்காக..."

"யாருக்கு மரியாத? ஒங்களுக்கா, எனக்கா?" குரல் உயர்ந்தது. வரிசை முழுவதும் எங்களைப் பார்த்தது. "நான் தோச திங்க வரல. வீட்டுல மருமவ சுடுது, இதவிட நல்லாவே சுடுது. கொடுக்கத்தான் வந்தேன். எழுபத்தெட்டு வயசுல எனக்கு வேற என்னா வேல? கட போச்சு, சாவி மவன்கிட்ட இருக்கு. கொடுக்குறது ஒண்ணுதான் மிச்சம். அதையும் வேணாம்னு தள்ளி விடுறீங்க. ஒங்க தோசைய ஓசியில தின்னுட்டுப் போவ நான் என்னா பிச்சக்காரனா?"

வாங்க மறுப்பது உயர்ந்த பண்பு என்று எண்ணி வாழ்ந்தவன் நான். அதனால் எதிரில் நிற்பவர் சிறுமைப்படுவார் என்பது என் எண்ணத்தில் ஒருபோதும் எழுந்ததில்லை. கையை நீட்டினேன். "கொடுங்கள். நான் செய்தது தவறு" என்றேன்.

அவர் கூப்பன்களைத் தந்தார். கோபம் தணியவில்லை, ஆனால் அவர் அங்கிருந்து போகவுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கடை ஓரமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தோசையைப் பிட்டுக்கொண்டே, "சொல்லுங்க. அங்க ஒங்க சென்டர் எப்படி?" என்றார்.

வெள்ளியன்று சொன்ன அதே விடை நாவின் நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல இயலவில்லை.

"பேட்டரி வாங்கப் பணமில்லை. மாதத்தில் பாதி நாள் குழந்தைகளுக்குக் கேட்பதில்லை. காது அச்சு சிறுத்துப்போய் வலிக்கிறது என்று சிலர் கருவியையே கழற்றிவிடுகிறார்கள். ஜூன் மாதம் முதல் ஆசிரியைகளுக்குச் சம்பளம் இல்லை" என்றேன். பொது இடத்தில், கத்தரிக்காய் சிரிக்கும் மேலங்கியோடு நின்று, முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். வானம் இடிந்துவிடவில்லை. பின்னால் ரவி தோசையைத் திருப்பிப் போடும் ஓசை கேட்டது.

வேலாயுதம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சட்டைப்பைக்குள் விட்டார். "எவ்ளோ வேணும்?"

வெளிநாட்டவரிடம் பணம் பெற எங்கள் அறக்கட்டளைக்குச் சட்டப்படி அனுமதியில்லை, ஒரு காசுகூட வாங்கலாகாது என்று விளக்கினேன்.

"பாத்தியா தம்பி!" என்று ரவியிடம் முறையிட்டார். "ரெண்டாவது தடவையும் வேணாங்குறாரு!"

"இம்முறை மறுப்பது நானல்ல, சட்டம்" என்றேன்.

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "சரி. பட்டுக்கோட்டையில என்னய மாதிரி ஒரு ஆளு இருப்பான்ல? கொடுக்கணும்னு சுத்திச் சுத்தி வர்றவன். அவனையும் இப்படித்தான் தள்ளி விட்டீங்களா?"

நான் அடுத்த தட்டைப் பார்த்துக்கொண்டேன். கதிரேசன் ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்கு வருவார். புறப்படும்போது, "மையத்துக்கு ஏதாச்சும் செய்யணும் சார்" என்பார். "உன் அன்பே போதும்" என்பேன். நிறைவான விடை என்றே நினைத்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் மாவு தீர்ந்தது. மிஞ்சிய கூப்பன்களைச் செலவழிக்க முடியாதவர்கள் அவற்றைச் சங்கத்தின் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டெல்லா அம்மையார் அன்றைய களைப்பிலும் நிழலில் அமர்ந்து, கடைகளை ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்குச் செய்யலாகாதா என்றேன். "சூடு ஆறிரும் ஐயா" என்றார். நாங்கள் நன்றிக் கடிதத்தை ஆண்டறிக்கையோடு சேர்த்து அனுப்புவோம்.

திங்களன்று ரவி என்னோடு படகில் வந்து பட்டர்வொர்த் நிலையத்தில் விட்டார். கோலாலம்பூர் வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். எவ்வளவு என்று மட்டும் அறிவிக்கவில்லை. அவர் பணிக்குத் திரும்ப வேண்டியவர், வற்புறுத்தி அனுப்பிவைத்தேன். போகும்முன் பொட்டலம் ஒன்றைத் தந்தார். உள்ளே சீனியில் ஊறிய சாதிக்காய்த் துண்டுகள். நன்றி என்று மட்டும் சொல்லிப் பெற்றுக்கொண்டேன்.

நடைமேடையில் அமர்ந்தேன். நம் நாட்டு நேரம் இரண்டரை மணி பின்தங்கியது. ஊரில் காலை எட்டு இருக்கும். கதிரேசன் பேருந்துப் பணிமனைக்குக் கிளம்பும் வேளை. பிறகு அழைக்கலாம் என்று கைப்பேசியைப் பையில் வைத்தேன். மீண்டும் எடுத்தேன்.

"சார்! வெளிநாடு போயிருக்கீங்கன்னாங்களே. ஒடம்பு நல்லாருக்கா? ஏதும் பிரச்சினையா சார்? டிக்கெட், பாஸ்போர்ட் ஏதாச்சும்..."

"நான் நலம். ஓர் உதவி கேட்கவே அழைத்தேன், கதிரேசன்."

மறுமுனையில் யாரிடமோ, "வண்டிய அணைடா" என்றார்.

பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். காது அச்சைப் பற்றிச் சொன்னேன். உயிரற்ற கருவியோடு குழந்தைகள் உதட்டைப் பார்த்திருப்பதையும் சொன்னேன். ஓராண்டுக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் இவ்விரண்டையும் உன்னால் ஏற்க முடியுமா என்று கேட்டேன்.

"அனுப்பிச்சிடறேன் சார். இன்னிக்கே சொல்லிடறேன்." பிறகு, "அவ்வளவுதானா சார்?" என்றார்.

அங்கேயே நன்றி கூறி முடித்திருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது; கௌரவமும் குலையவில்லை. நடைமேடையின் மறுபுறம் ஒருவர் தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இல்லை. இன்னும் இருக்கிறது" என்றேன்.

ஆசிரியைகளின் சம்பளத்தைச் சொன்னேன். ஜூன் மாதம் மையம் திறக்காமல் போகலாம் என்பதையும் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கு இப்ப என்னால முடியாது சார். டீசல் விக்கிற விலையில ரெண்டு வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன். ஒரு டீச்சர் சம்பளம், ஒரு வருஷத்துக்கு, அது என்னோடது. இன்னொருத்தருக்கு நீங்க எங்க வர்த்தகர் சங்கக் கூட்டத்துக்கு வாங்க. முப்பது நாப்பது பேர் இருப்பாங்க. நீங்களே கேளுங்க."

முடியாது என்று என் மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னது அதுவே முதல் முறை. அவர் சொன்ன விதத்தில் அவரும் குறையவில்லை, நானும் குறையவில்லை.

"ஆனா ஒண்ணு சார், கோச்சுக்காதீங்க. ஆண்டு விழாவுல பேசுற மாதிரி எல்லாம் சிறப்பா நடக்குதுன்னு பேசிடாதீங்க. கைதட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. எது இல்லையோ, அத மட்டும் சொல்லுங்க."

வண்டி வருவதாக ஒலிபெருக்கி மலாயில் அறிவித்தது. மக்கள் எழுந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். நான் எழவில்லை. கூட்டம் எந்தக் கிழமை என்று கதிரேசனிடம் கேட்டேன். அடுத்த வாரம் செவ்வாய் என்றார்.

எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டேன்.